கைக்குழந்தையோடு சிறை புகுந்த தாய்: கடலூர் அஞ்சலையம்மாள்

நம் திருமலைப் பாறைக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே பெண்களின் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. இராசராச சோழனின் தமக்கையார் குந்தவையின் பெயரால் அமைந்த சமணக் கோயில் அங்கு உள்ளது. அக்கோயிலில் விளக்கெரிக்கப் பொருள் தந்த சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவியின் பெயரையும் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு நமக்குச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டு ஆகியும் அப்பெயர் அழியவில்லை.

விளக்குக்குக் காசு தந்த பெண்ணின் பெயரைக் கல் காத்தது. நாட்டின் விடுதலைக்கு வீட்டையே தந்த பெண்களின் பெயரை யார் காத்தார்கள்? இக்கேள்வியோடுதான் கடலூர் அஞ்சலையம்மாளின் வாழ்க்கையை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். நெசவை அறிந்த நம் மக்களுக்கு அவர் அயலார் அல்லர். அவரும் தறியின் ஓசை கேட்ட குடும்பத்துப் பெண்.

அஞ்சலையம்மாள் 1890ஆம் ஆண்டு கடலூர் முதுநகரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கணவர் பெயர் முருகப்பா. நெசவும் துணி விற்பனையும் அக்குடும்பத்தின் பிழைப்பு. 1921ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் தமிழகத்தில் பரவியபோது, கணவரும் மனைவியுமாக அதில் இறங்கினார்கள். கதர்த் துணியைச் சுமந்து தெருத்தெருவாக விற்றார் அஞ்சலையம்மாள். பெண்கள் மேடை ஏறுவதே வியப்பாக இருந்த காலத்தில் ஊர் ஊராகச் சென்று பேசினார். கையில் பணம் தீர்ந்தபோது நிலத்தை விற்றார்கள். பிறகு வீட்டையும் விற்றார்கள்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஆண் ஒருவர் சிறை சென்றால், வீட்டைக் காக்க மனைவி இருப்பாள். அடுப்பு எரியும், குழந்தைகள் உறங்கும். அந்தக் காவலை நம்பியே எத்தனையோ தியாகிகள் துணிந்து சிறை புகுந்தார்கள். அந்த மனைவியே சிறை சென்றால் வீட்டைக் காப்பது யார்? அஞ்சலையம்மாள் இதற்குக் கண்ட விடை மிக எளியது. குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டு போராட்டத்துக்குப் போய்விட்டார்.

1927ஆம் ஆண்டு சென்னையில் நீல் சிலை சத்தியாக்கிரகம் நடந்தது. 1857 எழுச்சியை அடக்கப் புறப்பட்டு, வழிநெடுக மக்களைத் தூக்கிலிட்ட கொடியவர் படைத்தலைவர் நீல். அவருக்கு மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை அகற்றக் கோரித் தொண்டர்கள் அணி அணியாகச் சென்று கைதானார்கள். அஞ்சலையம்மாள் தம் மகள் அம்மாக்கண்ணுவோடு அதில் கலந்துகொண்டார். அப்போது சிறுமிக்கு வயது ஒன்பதுதான். தாய்க்கும் மகளுக்கும் தண்டனை கிடைத்தது. அந்த ஆண்டு தமிழகம் வந்த காந்தியடிகள் சிறுமியின் துணிவைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர் அவளை வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று, லீலாவதி என்று பெயரிட்டு வளர்த்தார். மார்க்சின் மூலதன நூலைத் தமிழாக்கிய தியாகி ஜமதக்னி, பின்னாளில் இந்த லீலாவதியையே மணந்தார்.

1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. அஞ்சலையம்மாள் அதிலும் முன்னின்று அடிபட்டார். கடலூர், திருச்சி, வேலூர், பெல்லாரி என்று பல சிறைகள் அவரைக் கண்டன. அவற்றுள் வேலூர்ச் சிறை நமக்கு அருகிலுள்ளது. ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் போய்வந்துவிடும் தூரம். 1932ஆம் ஆண்டு தண்டனை பெற்று அங்கே அடைக்கப்பட்டபோது அவர் கருவுற்றிருந்தார். பேறுகாலம் நெருங்கியதும் அதிகாரிகள் அவரை வெளியே அனுப்பினார்கள். ஆண் குழந்தை பிறந்தது. எத்தனை தாய்மார் இதைச் சாக்காக வைத்து ஓய்ந்திருந்தாலும் குறை சொல்ல முடியாது. அவரோ பச்சை உடம்போடு, கைக்குழந்தையை மார்பில் அணைத்துக்கொண்டு, மீதித் தண்டனையை அனுபவிக்கத் திரும்பிச் சென்றார். அந்த மகனுக்கு ஜெயில்வீரன் என்றே பெயர் வைத்தார்கள்.

பேறுகாலம் என்றால் என்ன என்பதை நம் தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பத்தியச் சோறும் வெந்நீரும் தாய்வீட்டு ஆதரவும் வேண்டிய நாட்கள் அவை. அந்த நாட்களைச் சிறைக் கொட்டடியில் கழித்தவருக்கு வரலாற்று நூல்கள் ஒதுக்கிய இடம் மிகச் சிறிது.

1934ஆம் ஆண்டு காந்தியடிகள் கடலூருக்கு வந்தார். அஞ்சலையம்மாளை அவர் சந்திக்கக் கூடாது என்று அரசு தடுத்தது. முகம் மறைக்கும் பர்தா அணிந்து, குதிரை வண்டியில் ஏறி, காவலரின் கண்ணில் படாமல் அவர் காந்தியடிகள் முன் வந்து நின்றார் என்று கடலூர் மக்கள் பெருமையோடு சொல்வார்கள். அத்துணிவைப் பாராட்டித் தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தியடிகள் அவருக்குப் புகழ்ப்பெயர் சூட்டினார்.

1937ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் அவர் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்தச் சிலைக்காகத் தாயும் மகளும் சிறை சென்றார்களோ, அந்த நீல் சிலை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றப்பட்டதும் அதே ஆண்டுதான். மொத்தம் மூன்று முறை அவர் சட்டசபை உறுப்பினராக இருந்தார். பதவியால் செல்வம் சேர்க்கவில்லை. தீர்த்தாம்பாளையம் என்னும் ஊர் மக்கள் தண்ணீருக்குத் தவித்தபோது, வீராணம் கால்வாயிலிருந்து கிளை வாய்க்கால் வரச் செய்தார். மக்கள் அதை அஞ்சலை வாய்க்கால் என்றே அழைத்தார்கள். 1961ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் தனி ஒருவர் அல்லர். வேதாரண்யம் உப்புப் போரில் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதி உண்டு. நம் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் காஞ்சிரப்பள்ளியில் பிறந்த அக்கம்மா செறியானும் உண்டு. இவர் தலைமை ஆசிரியைப் பணியை உதறிவிட்டு, 1938ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் பெருந்திரளான மக்களை நடத்திச் சென்றார். சுட வந்த காவலரிடம் முதலில் தம்மைச் சுடுமாறு சொல்லி நின்றார். இப்பெயர்களைச் சொன்னால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆரணிப் பட்டுச் சேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தறியில் உட்கார்ந்தவரின் கைத்திறன் கண்ணுக்குத் தெரிகிறது. நூல் இழைத்த பெண்ணும், விடியுமுன் எழுந்து தார் சுற்றிய பெண்ணும் தெரிவதில்லை. அவர்கள் கை ஓய்ந்தால் நாடா ஓடாது. ஆனாலும் கூலி எண்ணும்போது அவர்கள் உழைப்பு வீட்டு வேலை என்று தள்ளப்பட்டுவிடுகிறது. விடுதலை என்னும் சேலையிலும் இதுவே நடந்தது.

சமத்துவம் என்பது மேடையில் பெண்களைப் போற்றுவதோடு முடிவதன்று. அவர்கள் செய்ததைக் கணக்கில் எழுதுவதும் அதில் அடங்கும். ஆகவே, அன்பார்ந்த பங்கு மக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று மாலையே உங்கள் வீட்டுப் பாட்டியின் அருகில் அமருங்கள். அவர் சுற்றிய தாரை, விற்ற நகையை, படிக்க வைத்த பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். அவருடைய தாயின் பெயரையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் திருமலைப் பாறை ஆயிரம் ஆண்டாகச் செய்துவரும் வேலையை நாம் ஒரு நாளாவது செய்வோம்.