பக் துரைமகனாரும் விளையாட்டுச் செய்தியும்

காஞ்சி மாநகர்க்கு அணித்தே திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உளது. சமண காஞ்சி என்று சான்றோர் வழங்குவது இவ்வூரையே. தறிகளின் ஓசை கேட்கும் தெருக்களைக் கடந்து சென்றால் திரைலோக்கியநாதர் கோயிலைக் காணலாம். அக்கோயிலின் சங்கீத மண்டபம் விசயநகர அரசின் அமைச்சராகிய இருகப்பரால் 1387ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவிக்கப்பெற்றது. அதன் விதானத்திலே ரிஷபதேவர், வர்த்தமானர் முதலாய தீர்த்தங்கரர்களின் சரிதங்கள் வண்ண ஓவியங்களாய் நிறைந்துள்ளன. ஓவியங்களின் கீழே, இன்ன காட்சி இதுவென்று விளக்கும் எழுத்துக்களும் தீட்டப்பெற்றிருக்கின்றன.

மாணவர் சிலரொடு யாம் அவ்வூர்க்குச் சென்றிருந்தபோது இரண்டு செய்திகள் எம் மனத்திற் பதிந்தன. எழுத்துள்ள இடங்களில் ஓவியம் தன் கதையைத் தானே கூறிற்று. எழுத்து மங்கிய இடங்களிலோ, கழுத்து நோவ அண்ணாந்து பார்த்தும் இன்னார் இவர் என்று துணிய இயலவில்லை. இஃது ஒன்று. கோயிலை விட்டுப் புறம்போந்தபோது, வெளியொன்றில் சிறுவர் சிலர் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தனர். கோட்டைத் தொட்டவன் ஆட்டமிழந்தானா, இலனா என்று அவர்களுள் வழக்கு எழுந்தது. தன் மாமன் ஊரில் விதி வேறு என்றான் ஒருவன். இவ்வூரில் இதுவே விதி என்றான் மற்றொருவன். சிறிது நேரத்தில் ஆட்டம் கலைந்தது. இது மற்றொன்று.

திரும்பி வரும் வழியில் மாணவருள் ஒருவர் எம்மை வினவினார். கல்லூரிகள் கோப்பை பெற்றால் பத்திரிகைகள் படத்தொடு வெளியிடுகின்றன. இச்சிறுவர்க்கு விதியை எழுதிக் கொடுப்பவர் யார், இவர்கள் ஆட்டத்தைச் செய்தியாக மதிப்பவர் யார் என்பது அவர் வினா. அவ்வினாவிற்கு விடையாக எமக்கு நினைவிற்கு வந்தது ஒருவருடைய வாழ்க்கை. அவரே, இந்திய நாட்டுத் தேகப்பயிற்சிக் கல்வியின் தந்தை என்று போற்றப்பெறும் ஹாரி குரோ பக் துரைமகனார்.

பக் அவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த பென்சில்வேனியா மாகாணத்தில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் தேகப்பயிற்சித் துறையிற் பணிபூண்டு, 1919ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். அச்சங்கத்தினரிடையே விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கன்று. நல்லொழுக்கத்தைப் பயிற்றும் கல்வியே என்னும் கொள்கை வேரூன்றியிருந்தது. கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டிலும் கைப்பந்தாட்டம் 1895ஆம் ஆண்டிலும் தோன்றியது அச்சங்கத்தாரிடையேதான். இரண்டும் இங்ஙனம் விரைவில் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் யாது? அவற்றின் விதிகள் தொடக்கத்திலேயே அச்சிடப்பெற்று ஊர்தோறும் சென்றமையே பெருங்காரணம் என்பது எம் துணிபு.

பக் அவர்கள் வந்த காலத்துச் சென்னையின் நிலையைச் சிறிது நோக்குவோம். பள்ளிகளில் தேகப்பயிற்சி என்பது பெரும்பாலும் டிரில் என்னும் அணிவகுப்பாகவே இருந்தது; படையினின்று நீங்கிய ஒருவரே பல பள்ளிகளில் அதற்கு ஆசிரியராக அமர்ந்தார். செய்தித்தாள்களின் கண்களோ கிரிக்கெட்டையே பெரிதும் நோக்கின. பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் நிகழ்ந்த பந்தயத்தைப் பற்றி நகரமே பேசும். ஆடுபவர் இருபத்திருவர், பார்ப்பவர் பல்லாயிரவர். பள்ளி முற்றத்தில் ஆட இடமின்றி நின்ற பிள்ளையைப் பற்றி எழுதுவார் இலர்.

1920ஆம் ஆண்டு எஸ்பிளனேடு பகுதியில் பக் அவர்கள் தேகப்பயிற்சி ஆசிரியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்த மாணவர் ஐவரே. அவரும் பகுதி நேரத்தில் வந்து கற்றனர். ஐவரை வைத்துக்கொண்டு ஒரு தேசத்திற்கு ஆசிரியரை ஆக்கப் புகுந்தது எள்ளற்குரியதாகச் சிலர்க்குத் தோன்றியிருக்கலாம். ஆயினும் அப்பள்ளி வளர்ந்து, 1930களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் அருகே ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்புள்ள மரநிழல் நிலத்தை அடைந்து, கல்லூரியாக நிலைபெற்றது. இன்று நந்தனம் என்று வழங்கும் பகுதியில் அது விளங்குகின்றது. ஆசியாவின் முதல் தேகப்பயிற்சிக் கல்லூரி என்னும் பெயரும் அதற்கு உண்டு. மேனாட்டு ஆட்டங்களை மட்டும் கற்பியாது, தண்டால், பஸ்கி, லேசிம், சடுகுடு முதலாய நம் நாட்டுப் பயிற்சிகளையும் பாடத்தில் இணைத்தது பக் அவர்களின் பெருந்தன்மை. அந்நிய நாட்டவர் ஒருவர் நம் தெருவாட்டத்தைக் கல்லூரிப் பாடமாக மதித்தார். நம்மவர் பலர் அக்காலத்தில் அதனை மதித்திலர்.

நிற்க. ஒரு தலைவனை அளப்பதற்கு வெற்றி சிறந்த கோல் அன்று. தோல்வியே சிறந்த கோல். 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஒலிம்பிக் போட்டி நிகழ்ந்தது. அதற்கு முன்னர் பிப்ரவரித் திங்களில் டில்லியில் தேர்வுப் போட்டிகள் நடத்தி, ஓட்டமும் தாவலும் வல்லார் எழுவரும் டென்னிஸ் ஆடுவார் எழுவரும் தெரிந்தெடுக்கப்பெற்றனர். அவ்வணிக்கு மேலாளராகச் சென்றவர் பக் அவர்களே. இந்திய அணி பதக்கம் ஒன்றும் பெறாமலே மீண்டது.

வெறுங்கையொடு மீளும் தலைவர்க்கு முன் இரண்டு வழிகள் உள. தோற்றதற்குக் காரணம் கூறிப் பிறர்மேற் பழி சுமத்துவது ஒன்று. அடுத்த முறை வெல்லத்தக்க ஒருவரிருவரை மட்டும் தேடிப் போற்றிப் பத்திரிகைகளின் பசியை ஆற்றுவது மற்றொன்று. பக் அவர்கள் இவ்விரண்டனையும் விடுத்து மூன்றாவது வழியிற் சென்றார். வாலிபர் சங்கத்தைச் சார்ந்த நோரன் என்பாரொடு சேர்ந்து, மாகாணந்தோறும் சென்று ஒலிம்பிக் சங்கங்கள் அமைவதற்கு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாக, 1927ஆம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக நிறுவப்பெற்றது. தொராப்ஜி டாட்டா தலைவராகவும் நோரன் செயலாளராகவும் அமர்ந்தனர். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி தங்கப்பதக்கம் வென்றபோது செய்தித்தாள்கள் மகிழ்ந்தாடின. அவ்வெற்றி பக் அவர்களுடையதன்று. எனினும், பந்தயத்திற்கு அணியை அனுப்பவல்ல நிலையான சங்கம் ஒன்று நாட்டில் நிற்பதற்குக் கல் சுமந்தவர்களுள் அவரும் ஒருவர்.

செய்தித்துறையொடு அவர் கொண்ட உறவு இவ்வாறே அடக்கமுடையது. பிறர் தம்மைப்பற்றி எழுதுதலை அவர் பெரிதாகக் கொண்டதாகத் தெரியவில்லை. எழுதவேண்டுவதைத் தாமே எழுதி அச்சேற்றுவதை மட்டும் கடமையாகக் கொண்டார். விளையாட்டுக்களின் விதிகளைத் தொகுத்து அவர் பதிப்பித்த நூல் பலமுறை அச்சாகி, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பணிபுரிந்த தேகப்பயிற்சி ஆசிரியர் கையிலெல்லாம் விளங்கிற்று. வியாயாம் என்னும் பெயரால் தேகப்பயிற்சிக்கெனவே ஒரு பத்திரிகையும் அவரை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. தொலைவான ஊரில் தனியே பணியாற்றும் ஆசிரியர்க்கு, தம்மைப் போன்றார் பலர் உளர் என்னும் துணிவை அத்தகைய பத்திரிகையன்றி வேறு யாது அளிக்கும்? சென்னை அரசினர்க்குத் தேகப்பயிற்சிக் கல்வியில் ஆலோசனை கூறும் பொறுப்பையும் அவர் ஏற்றிருந்தார்.

விதிநூல் என்பது உலர்ந்த நூல் என்று மாணவர் சிலர் கருதுவர். அங்ஙனமன்று. எழுதிய விதி இல்லாத இடத்தில் வலியவன் சொல்லே விதி. எழுதி அனைவர்க்கும் காட்டிய விதியின்முன் ஏழை வீட்டுப் பிள்ளையும் பெரியவீட்டுப் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பர். ஆதலின் விதியை அச்சிட்டுப் பரப்புவதும் அறமே. சடுகுடு, கபடி என்னும் பெயரொடு 1938ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்த இந்திய ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. 1990ஆம் ஆண்டு பீஜிங்கில் ஆசியப் போட்டிகளிலும் ஏறிற்று. பல மாநிலத்தாரும் ஒரே விதியைக் கைக்கொண்டிராவிடின் இஃது எங்ஙனம் கூடும்?

பெரியோரைப் புகழும்போது குறைகளை மறைத்தல் அவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. பக் அவர்களின் கல்லூரி மகளிர்க்குக் கதவு திறந்தது 1940ஆம் ஆண்டில்தான். அதற்குள் இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவருடைய விதிநூல் ஆங்கிலத்தில் இருந்தமையால், ஆங்கிலம் கல்லாத சிற்றூர்ச் சிறுவர் கையை அஃது எட்டவில்லை. எழுதிக் காட்டிய விதி அனைவர்க்கும் பொது என்னும் கொள்கை, மொழி என்னும் மதிலின்முன் நின்றுவிட்டது. அன்று திருப்பருத்திக்குன்றத்தில் யாம் கண்ட வழக்கிற்கும் வேர் இதுவேயாம் என்று எண்ணுகிறோம். பக் அவர்கள் முடியாது விட்ட பணி இது. அதனை முடிக்கவேண்டுவோர் நாம்.

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பக் அவர்கள் சென்னையிலேயே காலமானார். ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டுப் பிள்ளைகளின் உடல்நலத்திற்கு உழைத்த உடல் இந்நாட்டிலேயே ஓய்ந்தது. அவர் பயிற்றிய ஆசிரியர்கள் நாடெங்கும் சென்று பணியாற்றினர்.

இன்று பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகளில் செய்தி வெளியிடுவதற்கென்றே அலுவலர் உளர். பந்தயம் முடியுமுன்னே படம் உலகைச் சுற்றிவருகின்றது. வசதி பெருகியது நன்றே. ஆனால் வென்றவர் முகம் மட்டுமே வெளியில் தெரியுமாயின், பணமும் திடலும் அம்முகத்தையே நாடிச் செல்லும். எஞ்சிய ஆயிரவர்க்குப் பந்தும் கிட்டாது, இடமும் கிட்டாது. துறைத்தலைவர் தோல்வியை மறைப்பாராயின் மாணவரும் மறைக்கக் கற்பர். தோல்வியை உள்ளவாறு கூறி, இத்தனை பேர் ஆடினர், இத்தனை பேர்க்கு ஆட இடமில்லை என்றும் வெளிப்படையாக எழுதுவாராயின், அவ்வெழுத்தே புதிய திடலுக்கு அடிக்கல் ஆகும்.

பிறரை நோக்கி இங்ஙனம் கூறும் யாம் எம்மையும் நோக்குதல் வேண்டும். கல்லூரி மலர்களில் ஆண்டுதோறும் வரும் விளையாட்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கோப்பைகளின் பட்டியல் உண்டு. தலைவர்களின் பெயர் உண்டு. மாலைதோறும் திடலுக்கு வந்து, ஒரு பந்தயத்திலும் இடம்பெறாமல், நாள் தவறாது ஆடிச் சென்ற மாணவரைப் பற்றி ஒரு வரியேனும் உண்டா? வரும் ஆண்டின் அறிக்கையிலாயினும் ஆடியவர் எண்ணிக்கையை முதலிலும், வென்ற கோப்பைகளைப் பின்னரும் எழுதுவோமாக. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தின் விதியைத் தெளிந்த தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துச்சென்று, தம் தெருப் பிள்ளைகட்குக் கொடுப்பாராக.

மீண்டும் அம்மண்டபத்தை நினைக்கின்றோம். ஓவியம் வரைந்தவன் தன் கலைத்திறத்தொடு நின்றுவிடாது, கற்றறியாத யாத்திரிகனும் பிறர் வாசிக்கக் கேட்டுணரட்டும் என்று கீழே ஒரு வரி எழுத இடம் விட்டான். அவ்வரி இருக்குமிடத்தில் அரசனும் தெரிகின்றான், அவன் அருகில் நிற்கும் பணியாளனும் தெரிகின்றான். நம் விளையாட்டுத் திடலுக்கும் அத்தகைய வரி ஒன்று வேண்டும். அதனை எழுதும் கை நம்முடையதாகுக.