பேசாத பிள்ளையின் வைத்தியர்



வயதுக்கேற்ற பேச்சு வராத பிள்ளை ஒன்று உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கக்கூடும். அப்பிள்ளையைப் பெற்றவள் படும் மனவேதனையையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவளை மனத்தில் வைத்தே, பிரெஞ்சு தேசத்து வைத்தியராகிய ழான் இத்தார் என்பவரின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லுகிறோம்.

இத்தார் 1774-ஆம் ஆண்டு தென் பிரான்சிலே பிறந்தார். பெற்றோர் அவரை வியாபாரத்துக்கென்று வளர்த்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியை அடுத்துப் போர் மூண்டபோது அவர் ஓர் இராணுவ ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே வைத்தியம் கற்றார். 1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்த காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு வைத்தியரானார். அப்பள்ளியைத் தொடங்கியவர் லெப்பே என்னும் குருவானவர். இத்தார் வந்த நாளில் அதை நடத்தியவரும் சிக்கார் என்னும் குருவானவரே.

அதே ஆண்டில், அவேரோன் பகுதியில் காட்டிலே தனியாகத் திரிந்து அகப்பட்ட ஒரு சிறுவனை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு 11 அல்லது 12 வயதிருக்கும். பேச்சு இல்லை. கொதிக்கும் நீரிலிருந்து உருளைக்கிழங்கை வெறுங்கையால் எடுப்பான். அருகில் துப்பாக்கி வெடித்தாலும் திரும்பமாட்டான். அக்ரோட்டுக் கொட்டை உடைபடும் சத்தத்துக்கோ உடனே திரும்புவான். பேர்பெற்ற மனநோய் வைத்தியரான பினேல், இவன் புத்திக் குறைவுள்ளவன், இவனைச் சீர்ப்படுத்த இயலாது என்று முடிவு கூறினார். இளைஞரான இத்தார் அதை ஏற்கவில்லை. மனிதரோடு பழகாததே இவன் குறைக்குக் காரணம் என்று நம்பி, விக்தோர் என்று பெயரிட்டு, கற்பிக்கத் தொடங்கினார். கெரேன் அம்மாள் என்னும் மாது அவனைத் தாய்போல் பராமரித்தாள்.

ஏறக்குறைய ஐந்து வருஷம் இத்தார் பாடுபட்டார். பொறுமையிழந்து கடுமையாக நடந்ததும் உண்டு. அதையும் மறைக்காமல் தாமே எழுதிவைத்தார். விக்தோர் தனித்தனி எழுத்துகளை வரிசையாக வைத்துப் பால் என்னும் சொல்லை அமைக்கக் கற்றான். கெரேன் அம்மாள் அடிக்கடி சர்வேசுரனைக் கூப்பிடுவதைக் கேட்டு, அச்சொல்லையும் மகிழ்ச்சி வேளையில் உச்சரித்தான். ஆனால் அதற்குமேல் வாய்ப்பேச்சு வரவேயில்லை. 1806-ஆம் ஆண்டில் இத்தார் மனச்சோர்வோடு அம்முயற்சியைக் கைவிட்டார்.

அது தோல்விதானா? கெரேன் அம்மாளின் கணவர் காலமானபோது நடந்ததைக் கேளுங்கள். விக்தோர் வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் அவருக்கும் தட்டு வைத்தான். அதைக் கண்டு அம்மாள் அழுதாள். அவள் கண்ணீரைக் கண்ட விக்தோர் தட்டை மெல்ல எடுத்து அலமாரியில் வைத்தான். பிறகு ஒருபோதும் அதை அங்கே வைக்கவில்லை. பேச்சு வராத அப்பிள்ளைக்குப் பிறர் துக்கம் விளங்கிற்று!

விக்தோர் 1828-ஆம் ஆண்டு வரை கெரேன் அம்மாளின் பராமரிப்பிலேயே வாழ்ந்து இறந்தான். இத்தார் 1838-இல் காலமானார். ஆயினும் அவர் பாடு வீண்போகவில்லை. அவருடைய சீடர் செகேன், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அவ்விருவரின் நூல்களையும் ஊன்றிப் படித்தவரே இத்தாலிய வைத்தியரான மரிய மாண்டிசோரி அம்மையார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

பெற்றோரே, பாஷையைப் பற்றிக்கொள்ள மூளை மிகவும் ஆயத்தமாயிருப்பது குழந்தைப் பருவத்தின் முதல் வருஷங்களிலேயே. ஆகவே உங்கள் குழந்தை குரலுக்குத் திரும்பாவிட்டால், பேச்சு தாமதமானால், தானே வரும் என்று காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அதோடு ஓயாமல் பேசுங்கள்; அது பதில் சொல்லாவிட்டாலும் பேசுங்கள்.

நம் ஆண்டவர் செவிடனான மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துப்போய்த் தொட்டுக் குணமாக்கினார் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அத்தகைய பிள்ளையை ஞாயிறு பூசைக்கு அழைத்துவர வெட்கப்படாதீர்கள். அது சத்தமிட்டால் மற்றவர்கள் முகஞ்சுளித்துத் திரும்பிப் பாராமல், சற்று நகர்ந்து அதன் தாய்க்கு இடம் கொடுங்கள்.