தோல்வி காணாத ரயில் பாதை

விளையாட்டுப் பொருள் என்று பெரியவர்கள் ஒதுக்கும் ஒன்றுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தவர் ஜான் ஆலன். 1913-இல் அமெரிக்காவில் பிறந்தவர், தொழிலால் புகைப்படக்காரர். கலிபோர்னியாவில் மான்டரே நகரிலிருந்த தம் வீட்டு நிலவறையில், 1954 முதல் ஒரு மாதிரி ரயில் பாதையை அமைக்கலானார். உண்மை வண்டியில் 87-இல் ஒரு பங்கே அதன் வண்டிகள். மலைகளோ தரையிலிருந்து கூரைவரை எழுந்து நின்றன! பாதைக்கு அவர் இட்ட பெயர் 'கோரி அண்ட் டிஃபீட்டட்'. குருதி படிந்து தோற்றது என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும் சிலேடை அது.

பௌதிகம் பயிலும் என்னை முதலில் கவர்ந்தவை அவர் வைத்த கண்ணாடிகள். தக்க இடங்களில் அவற்றை மறைவாகப் பொருத்தி, சிறிய அறையைப் பெருவெளியாகக் காட்டினார். அதனினும் பெரிது அவருடைய உண்மை வேட்கை. பலரும் பளபளக்கும் புது வண்டிகளை ஓட்டிய காலத்தில், அவர் தம் வண்டிகளுக்குத் துருவும் கரியும் மழைக்கறையும் தீட்டினார். உழைக்கும் வண்டி அழுக்காகத்தானே இருக்கும்!

1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பால் மறைந்தார். பாதை அப்போதும் முற்றுப்பெறவில்லை. சில நாட்களுக்குள் வீட்டில் தீப்பற்றி, ஏறக்குறைய 20 ஆண்டு உழைப்பு அழிந்தது.

பெயர் பலித்துவிட்டது என்று சிலர் கூறலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் எடுத்த படங்களும் எழுதிய கட்டுரைகளும் அதற்கு முன்பே இதழ்கள் வழியே பரவியிருந்தன. அவரைக் கண்டிராதவர்களும் இன்று தம் வண்டிகளுக்குத் துரு தீட்டுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நாள்களைக் கழிக்கும் நண்பர்களே, செய்ததை மட்டுமன்று, செய்த முறையையும் எழுதி வையுங்கள். பிறருக்குச் சொல்லி வையுங்கள்.