பழைய புடவையும் ருக்மிணி தேவியும்



நம் வாசல் வழியாக அவ்வப்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று போவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பழைய பட்டுப் புடவை, கிழிந்த பட்டு வேட்டி எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், கையோடு பணம் என்று அறிவித்துக்கொண்டே போகும். அப்படி வாங்கப்படும் புடவைகள் சரிகையிலுள்ள வெள்ளிக்காகவே வாங்கப்படுகின்றன. துணியை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். என் பாட்டியின் அரக்குப் புடவையை இரண்டு வருடத்துக்கு முன் நானும் கொடுத்தேன். மடிப்பில் இற்றுப் போயிருந்தது, யார் கட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். பணம் செலவாகிவிட்டது. அந்தக் கரையில் என்ன உரு இருந்தது, மயிலா அன்னமா என்று இன்று என் மகள் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் இந்தக் காலாண்டில் ருக்மிணி தேவி அருண்டேலைப் பற்றி எழுதுகிறேன். அவரை நாட்டியத்துக்காக உங்களுக்குத் தெரியும். துணிக்கு அவர் செய்தது என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் பிறந்தநாள். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித்துறைப் பொறியாளர், தாய் சேஷம்மாள் இசையில் ஈடுபாடு உள்ளவர். தந்தை பிரம்மஞான சபையில் பற்று வைத்திருந்ததால் குடும்பம் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தது. அங்கேதான் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். 1920இல் இருவரும் மணந்துகொண்டபோது ருக்மிணிக்கு 16 வயது, அருண்டேலுக்கு அவரைவிட 25 வயது கூடுதல். அந்நாளைய சென்னையில் அது எவ்வளவு பெரிய பேச்சாகியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கணவரோடு உலகம் சுற்றினார். 1928இல் ருஷ்ய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்புக் கிடைத்தது. பாலே கற்கத் தொடங்கினார். சொந்த நாட்டுக் கலையைத் தேடிப் பார்க்கும்படி பாவ்லோவாதான் அவரைத் தூண்டினார். 1933இல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார். 1936 ஜனவரியில் தொடங்கிய கலைப்பள்ளிதான் பின்னாளில் கலாக்ஷேத்ரா ஆனது.

இனிமேல்தான் நம் விஷயம். ஆடுவதற்கு உடை வேண்டும். அதுவரை ஆடியவர்கள் கனமான புடவையைக் கால்சட்டையின் மேல் சுற்றிக் கட்டுவது வழக்கம். ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்துப் புதிய உடைகளை யோசித்தார். ஒரு புடவையை வெட்டி, கால்பகுதி தனி, நடுவில் விரியும் விசிறி தனி, மேலாக்கு தனி, இடுப்புத் துணி தனி என்று தைத்து இணைக்கும் முறை அவருடைய பள்ளி வழியாகப் பரவியது. உங்கள் மகளோ பேத்தியோ பரதநாட்டியம் கற்றால் அந்த உடையை ஒருமுறை பிரித்துப் போட்டுப் பாருங்கள். புடவையின் கரை எந்தத் துண்டில் எந்தப் பக்கமாக வருகிறது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அரைமண்டியில் உட்காரும்போது விசிறி விரிந்து கரை வளைவாகத் தெரிய வேண்டும். அளவு ஒரு விரற்கடை தவறினாலும் தெரியாது.

அடுத்த சிக்கல், நினைத்த துணி கடையில் கிடைக்காதது. ஆலைத்துணியும் ரசாயனச் சாயமும் பெருகி, பழைய அகலக் கரைகளும் ஆழ்ந்த நிறங்களும் அருகிக்கொண்டிருந்த காலம். பள்ளி தொடங்கிய மறு வருடமே, 1937இல், அங்கேயே நெசவுக்கூடம் அமைத்தார். நாட்டியப் பள்ளிக்குத் தறி எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதுதான் பதில். பழைய புடவைகளின் கரை, முந்தி, கட்டம் எல்லாம் மீண்டும் தறியேறின. கோபுரம், யாளி, அன்னம், மயில்கண், ருத்திராட்சம் ஆகிய உருக்கள் அகன்ற கரைகளில் திரும்ப வந்தன. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதற்கு நேரெதிர் நிறம் என்பது அந்தப் புடவைகளின் அடையாளம் ஆயிற்று. இன்றும் கடையில் கலாக்ஷேத்ரா புடவை என்று கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள்.

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று சொல்வது சுலபம், நெய்வது சுலபமல்ல. காஞ்சிபுரத்தில் இதைக் கோர்வை என்பார்கள். மூன்று நாடாக்கள் ஓடும். நடு உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைக் கொடுத்து வாங்குவார். ஒவ்வொரு இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுப் புடவை ஒன்றை எடுத்து, கரையும் உடலும் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். இரு நிறமும் பல்லைப்போல ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தால் அது இரண்டு பேர் கையால் வந்தது.

அடுத்து சாயம். கமலாதேவி சட்டோபாத்யாயின் ஊக்கத்தோடு, இயற்கைச் சாயத்துக்கும் கலம்காரிக்கும் கலாக்ஷேத்ராவில் இடம் அமைந்தது. 1978இல் கலம்காரிப் பிரிவு தொடங்கியபோது ருக்மிணி தேவிக்கு 74 வயது. கலம்காரியில் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். மூங்கில் குச்சியின் நுனியில் துணியோ கம்பளி நூலோ சுற்றியதுதான் எழுதுகோல். துரு இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீர் துணியில் பட்டதும் கறுத்துக் கோடாகும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் பூசி, பிறகு வேர்ச்சாயத்தில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிற்கும். நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் அலசல், வெயில்.

அந்தச் சிவப்பைக் கொடுத்த சாயவேர் கீழைக் கடற்கரையின் மணல் பூமியில் வளரும் சிறு செடி. கட்டுமாவடிக் கடற்கரையில் மாலையில் நடக்கிற நமக்கு, உலகம் முழுக்கக் கப்பலேறிய சோழமண்டலத் துணிகளின் சிவப்பு இப்படிப்பட்ட மணலிலிருந்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

இடையில் அவர் வாழ்க்கையில் கஷ்டங்களும் வந்தன. 1945இல் கணவர் இறந்தார். பிறகு பிரம்மஞான சபை வளாகத்தைவிட்டுப் பள்ளி வெளியேற வேண்டியதாயிற்று. திருவான்மியூர் மணலில் சுமார் 100 ஏக்கரில் மரம் நட்டுப் புதிய வளாகம் எழுப்பினார். 1962இல் பள்ளி அங்கே குடியேறியது. இதற்கிடையே மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியதற்கு அவர் முயற்சியே முக்கியக் காரணம். 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் அழைத்தபோது வேண்டாம் என்றுவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று, 82 வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

அவர் மேல் குறையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பரம்பரையாகச் சதிர் ஆடிவந்த குடும்பங்களின் கலையை அவர் எடுத்து, சிருங்காரத்தைக் குறைத்து மாற்றினார் என்ற விமர்சனம் உண்டு. அந்தப் பரம்பரையில் வந்த பாலசரஸ்வதி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. கலைக்கு மதிப்புக் கிடைத்தது, அதைக் காத்த பெண்களுக்கு அதே அளவு கிடைக்கவில்லை. துணியிலும் அப்படித்தான். புடவைக்குப் பள்ளியின் பெயர் நின்றது, தறியில் உட்கார்ந்தவர் பெயரை நாம் கேட்பதில்லை. நம் கரையில் வலை பின்னுகிற, கிழிந்த வலையைக் கண் கண்ணாகக் கோத்துச் சரிசெய்கிற கைகளையும் நாம் பெயர் கேட்காமல்தானே தாண்டிப் போகிறோம்? அதுவும் நூல் வேலைதான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? பழையதை உற்றுப் பார்ப்பது, அளவெடுப்பது, பிறகு புதிதாகச் செய்வது. அந்த நெசவுக்கூடத்தின் வழியும் அதுதான். நம் வீட்டிலும் இதே வரிசையில் செய்யலாம்.

முதலில், வண்டிக்காரரைக் கூப்பிடும் முன் புடவையைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, கரை, முந்தி, உடல் மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுங்கள். யாருடையது, எந்த விசேஷத்துக்கு வாங்கியது என்று அதோடு எழுதிவையுங்கள். அடுத்து, கரை உருவைக் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். நெசவாளர்களும் உருவைக் கட்டத்தாளில்தான் வரைகிறார்கள், ஒரு கட்டம் ஒரு இழை. பிள்ளைகளுக்கு விடுமுறையில் நல்ல வேலை.

மூன்றாவது, இற்றுப்போன உடலை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் கரையையும் முந்தியையும் வெட்டி எடுங்கள். பழைய பட்டு எந்திரத் தையலில் பீறும். அடியில் மெல்லிய பருத்தித் துணி கொடுத்துக் கையால் ஓட்டுத்தையல் போடுங்கள். வங்காளத்துக் காந்தா இப்படிப் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு வந்ததுதான். உருவமாக வெட்டி ஒட்டித் தைக்க விரும்பினால், தேரில் தொங்கும் தொம்பையைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள் துணிகளை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்தது. தஞ்சைப் பக்கத்துக் கைவேலை, நமக்கு வெகு தூரமில்லை. எதிரெதிர் நிறங்களைப் பக்கத்தில் வைக்க அதிலிருந்தும் கற்கலாம்.

எடுத்த படங்களைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அடுத்த இதழுக்குள் நம் குடியிருப்பின் புடவைக் கரைகள் எல்லாம் ஒரு தொகுப்பாகச் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். துணி போனாலும் உரு போகாது. என் பாட்டியின் கரை என்ன என்று யார் வீட்டுப் படத்திலாவது அடையாளம் தெரியுமோ என்று நானும் பார்த்துக்கொண்டிருப்பேன்.