செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார்

தில்லைப்பதியின் பெருமையை அறியாத சைவர் நம் நாட்டில் இலர். நாவலர் பெருமான் 1864ஆம் ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அத்தலத்திலேயே. பின்னாளில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் எழத் தம் பொருளை ஈந்தவர் அண்ணாமலைச் செட்டியார். அன்னாரது வாழ்வை நம் இளைஞர் அறிதற்பொருட்டு இங்கே சுருக்கிக் கூறுவாம்.

இவர் 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் முத்தையச் செட்டியாரின் மைந்தராய்ப் பிறந்தார். நகரத்தார் குலத்தவர் அக்காலத்தில் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் வாணிகமும் வட்டித்தொழிலும் நடத்திப் பெரும்பொருள் ஈட்டினர். கொழும்புச் செட்டியார் தெரு அதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றது.

ஈட்டிய பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்ட இவர் மனம் ஒப்பவில்லை. 1920ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதனை அடுத்துத் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் கல்லூரிகள் கண்டார். அவற்றோடு இருபது இலட்சம் ரூபாவையும் அளித்தார். 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அவ்வாண்டிலேயே அரசர் என்னும் பட்டமும் இவரை அடைந்தது.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் யார்? துறவு பூணுமுன் நம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஆசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகளே. 1931ஆம் ஆண்டில் அடிகள் அப்பதவியை ஏற்றார். இதனை எண்ணுந்தோறும் நம் ஊரார் நெஞ்சு பூரிக்கும். தமிழிசைக்கு உரிய இடம் வேண்டி உழைத்த அரசர் 1943ஆம் ஆண்டில் சென்னையில் தமிழிசைச் சங்கத்தையும் நிறுவினார்.

ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. 1930ஆம் ஆண்டை அடுத்த பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனிறுக்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் பெருமளவில் செட்டியார்களின் கைக்கு மாறின. நிலமிழந்தார் மனம் கொதித்தது. 1942ஆம் ஆண்டில் யப்பானியப் படை புகுந்தது. பர்மா விடுதலை பெற்றபின் அந்நிலங்களை அந்நாட்டரசு கைக்கொண்டது. கடல் கடந்து தேடிய செல்வத்தின் பெரும்பகுதி இவ்வாறு மறைந்தது.

அரசர் 1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசின் பொறுப்பில் வந்தது. ஆயினும் அவர் பெயரே அதற்கு நிலைத்துள்ளது. வட்டிக்கு விட்ட பொருள் போயிற்று. கல்விக்கு விட்ட பொருள் நின்றது. இளைஞர்காள்! இலட்சங்கள் நம்மிடம் இல்லை. எனினும், ஓர் ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க நம்மால் இயலும். அதனை இன்றே செய்வோமாக.