காணாததைக் காட்டிய கதிர்

சென்ற ஆண்டு வெங்காயத் தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். செல்கள் செங்கல் அடுக்கியது போலத் தெரிந்தன. சாயம் பட்ட செல் உயிரோடு இருக்குமா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். சாயமிடாமல், நறுக்காமல், தண்ணீரோடு இருக்கும் செல்லையே எக்ஸ் கதிரால் படம் பிடிக்கும் மைக்ராஸ்கோப்பும் உண்டு என்றார் ஆசிரியை. அக்கதிரைக் கண்டுபிடித்தவரின் வரலாற்றை அன்றே தேடத் தொடங்கினோம்.

வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் 1845 மார்ச் 27 அன்று ஜெர்மனியிலுள்ள லென்னெப்பில் பிறந்தார். வளர்ந்தது தாயின் நாடான ஹாலந்தில். யூட்ரெக்ட் நகரில் படித்தபோது, ஆசிரியர் ஒருவரைக் கேலியாக வரைந்த படம் வகுப்பில் அகப்பட்டது. (இது எந்தப் பள்ளிக்கும் புதிதல்ல!) வரைந்தவன் வேறொருவன். அவன் பெயரைச் சொல்ல மறுத்ததால் ராண்ட்ஜன் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். இறுதிச் சான்றிதழ் இல்லாத குறை நெடுநாள் அவரைத் துரத்தியது. நுழைவுத் தேர்வு எழுதி ஜூரிச்சில் சேர்ந்து டாக்டர் பட்டம் பெற்ற பின்னும், அந்தச் சான்றிதழ் இல்லை என்று வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியப் பதவி தர மறுத்தது. 1888-இல் அதே பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது!

1895 நவம்பர் 8 மாலை, கறுப்பு அட்டையால் மூடிய குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது, சற்றுத் தள்ளியிருந்த இரசாயனம் பூசிய திரை ஒளிர்ந்தது. ஏழு வாரங்கள் ஆராய்ச்சிக்கூடமே அவருக்கு வீடாயிற்று. டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்த அப்படத்தைக் கண்டு அந்த அம்மையார் தம் மரணத்தையே பார்த்ததுபோல் அஞ்சினாராம்.

கண்ணாடி வில்லையாலும் எபோனைட் வில்லையாலும் அக்கதிர்களைக் குவிக்க முயன்றார், முடியவில்லை. குவிக்க வழியில்லாமல் மைக்ராஸ்கோப் ஏது? வில்லைக்குப் பதிலாக, ஒன்றையொன்று சூழ்ந்த மிக நுண்ணிய வளையங்கள் கொண்ட தகட்டால் 1970-களில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் அது கைகூடியது. அதற்கு ஊடுருவும் ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிர்களே ஏற்றவை. 2.3 முதல் 4.4 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளவற்றைத் தண்ணீர் பெரும்பாலும் தடுக்காது. புரதத்திலுள்ள கார்பன் தடுக்கும். ஆகவே செல்லின் உறுப்புகள் சாயமின்றியே நிழலாக விழுகின்றன. ஆனால் தெளிவான படத்துக்கு வேண்டிய கதிர் உயிருள்ள செல்லைக் கெடுத்துவிடும். அதனால் பெரும்பாலும் செல்லைக் கணப்பொழுதில் உறையவைத்தே பார்க்கிறார்கள். எங்கள் தோழியின் கேள்வி இன்னும் முழுவதும் தீரவில்லை.

ராண்ட்ஜன் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பிய இடம் என்பதை நாங்கள் இருமுறை படித்து உறுதிசெய்துகொண்டோம். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணவீக்கத்தில் அவரது சேமிப்பு கரைந்தது. 1919-இல் பெர்த்தா காலமானார். 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக் நகரில் ராண்ட்ஜனும் குடல் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படியே அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகளில் பெரும்பாலானவை எரிக்கப்பட்டன. மோதிரக் கையின் படம் மட்டும் எங்கள் பாடநூல்வரை வந்திருக்கிறது.