கணித மேதை சோபி ஜெர்மேன்

பாரிஸ் நகரில் பட்டு வணிகர் ஒருவரின் மகளாக 1776-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பிறந்தவர் சோபி ஜெர்மேன். அவருக்கு 13 வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தெருவெங்கும் கலவரம், தந்தையின் நூலகமே அவருக்குத் துணையாயிற்று. கணக்கில் ஆழ்ந்திருந்த ஆர்க்கிமிடிஸ் எதிரி வீரனின் வாளுக்கு இரையான கதையை அங்கே படித்தார். உயிரையும் மறக்கச் செய்யும் அந்தக் கலையைத் தாமும் கற்க ஆவல் கொண்டார்.

பெண்ணுக்குக் கணிதம் எதற்கு என்று பெற்றோர் தடுத்தனர். இரவில் படிக்காதபடி விளக்கையும் கணப்பையும் கதகதப்பான உடைகளையும் எடுத்துச் சென்றுவிட்டார்களாம். சோபியோ ஒளித்து வைத்த மெழுகுவர்த்தியை ஏற்றி, போர்வையைச் சுற்றிக்கொண்டு படித்தார். ஒரு நாள் காலை, மைக்கூட்டில் மை உறைந்திருக்க, அவர் மேசைமீதே உறங்கிக் கிடந்ததைக் கண்டு பெற்றோர் மனம் இளகினர். (தேர்வுக்கு முதல் நாள் மட்டும் விளக்கைத் தேடும் நாம் சற்று நாணத்தான் வேண்டும்!)

1794-இல் பாரிஸில் தொடங்கிய பொறியியல் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. லெ பிளாங் என்ற மாணவரின் பெயரில் பாடக் குறிப்புகளைப் பெற்றுப் படித்து, பேராசிரியர் லக்ராஞ்சுக்குக் கட்டுரை அனுப்பினார். உண்மை தெரிந்ததும் அவர் பாராட்டி ஊக்கமளித்தார். 1804 முதல் ஜெர்மானிய மேதை காஸுக்கும் அதே பெயரில்தான் கடிதம் எழுதினார். 1806-இல் பிரெஞ்சுப் படை காஸின் ஊருக்குள் புகுந்தபோது, ஆர்க்கிமிடிஸின் முடிவு அவருக்கும் நேருமோ என அஞ்சி, தெரிந்த தளபதி ஒருவரிடம் பாதுகாப்பு வேண்டினார். அதனால்தான் லெ பிளாங் ஒரு பெண் என்பதைக் காஸ் அறிந்தார்.

சோபியின் பெயரால் இன்றும் வழங்கும் முற்றொருமை ஒன்றை நாமும் செய்து பார்ப்போம். க⁴ + 4ச⁴ என்ற கோவையில் கூட்டல் குறி நிற்பதால், காரணிகளே இல்லை என்று தோன்றும். அதனுடன் 4க²ச² என்பதைக் கூட்டி, உடனே கழித்தும் விடுவோம், மதிப்பு மாறாது. கூட்டியதோடு சேர்ந்த மூன்று உறுப்புகள் (க² + 2ச²)² ஆகின்றன, கழித்தது (2கச)². இரு வர்க்கங்களின் வேறுபாடு நமக்குப் பழகியதுதானே! காரணிகள் (க² + 2ச² + 2கச), (க² + 2ச² − 2கச). இவற்றைப் பெருக்கி விரித்து, ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால், நடுவில் வருபவை எல்லாம் நீங்கிவிடும். 629 பகா எண்ணா? க = 5, ச = 1 என இட்டால் 625 + 4. காரணிகள் 37, 17. வகுத்துப் பார்க்காமலே விடை!

அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்காக 1816-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசையும் வென்றார். 1831 ஜூன் 27-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய இறப்புப் பதிவில், சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்றே குறிக்கப்பட்டது. கணித அறிஞர் என்று எழுதவில்லை.